ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ விறகு

பின்கட்டுக் கொட்டகையில் ஒரு கட்டை விழுந்தது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜஹானாரா தலையைத் திருப்பாமல் அந்தச் சத்தத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று விழுந்தது. பிறகு அடுப்பு வாய்க்குள் கட்டையைத் தள்ளும் கரகரப்பு. இன்றைய ஆர்டர் சின்னது. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். பிரியாணி செய்யச் சின்ன தேக்சாவே போதும். அதற்கு இத்தனை கட்டை எதற்கு?

எழுந்து போய்ப் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு அறையும் ஒரு நடையும்தான் இருந்தன. ஆனால் வலது கண்ணில் புரை எடுத்து இன்னும் முழுதாக ஆறவில்லை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனிந்து எதையும் தூக்கக்கூடாது, புகை இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவற்றை எப்படியோ சமாளித்தாள். புகையைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. கணவர் கமால் போனபிறகு பிள்ளையை வளர்த்தது அந்தப் புகைதான். தண்டையார்பேட்டையில் 'ஜானாக்கா பிரியாணி' என்றால் விறகடுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கேஸில் செய்து கொடுங்கள் என்று கேட்டவர்களை அவள் வேறு கடைக்கு அனுப்பியிருக்கிறாள்.

இப்போது அடுப்பு முழுக்கப் பச்சையம்மா கையில். கடை ஆரம்பித்த காலத்திலிருந்தே கூட இருப்பவள். எம்.கே.பி. நகர் குடியிருப்பிலிருந்து விடியும் முன்னே ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். மசாலாவும் உப்பும் ஜஹானாரா. நெருப்பு பச்சையம்மா. அப்படித்தான் வேலை பிரிந்திருந்தது. கூலியைத் தவிர, வேலை முடிந்ததும் அடுப்பில் மிஞ்சும் நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்து, அந்தக் கரியை அவள் சாக்கில் கட்டிக்கொண்டு போவாள். அது யாரும் பேசி முடிவு செய்ததல்ல. முதல் நாளே பச்சையம்மா, "இத தூக்கிப் போடறியாக்கா? எங்க வூட்டுக்காரு இஸ்திரி பொட்டிக்கு ஆவும்" என்று கேட்டாள். ஜஹானாரா "எடுத்துக்கோ" என்றாள். அன்றிலிருந்து அடுப்பில் மிஞ்சும் கரி நெருப்புக்காரிக்கு.

அந்தக் கரியைப் பற்றித்தான் ஜஹானாரா இப்போது யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் காய்ந்த விறகு கிடைப்பது கஷ்டம். விறகுத் தொட்டிக்காரர்கள் என்னதான் தார்ப்பாய் போட்டு மூடினாலும் கடல்காற்று உள்ளே நுழைந்து கட்டையை நமுக்க வைத்துவிடும். அதனால் ஆவணி கடைசியிலேயே பொங்கல் வரைக்குமான விறகை அவள் வாங்கி அடுக்கிவிடுவாள். கணக்கு எளிது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ விறகு. கறி வேக, அரிசி வடிக்க, தம் போட எல்லாம் அதற்குள் அடங்கும். கல்யாண மாதம் எது, ரபியுல் அவ்வலில் எத்தனை வீட்டில் ஃபாத்திஹா, காசிமேட்டில் கிறிஸ்மஸுக்கு எத்தனை தேக்சா என்று விரல் மடக்கிப் பார்த்து, மொத்த அரிசியைச் சொல்லி, அதே அளவு விறகை எடை போடச் சொல்வாள். அதற்கு மேல் மழைக்காக ஒரு கை. பல வருடமாக இந்தக் கணக்கு தவறியதில்லை. பொங்கலன்று சுவரோரம் நாலு கட்டை மிஞ்சியிருக்கும்.

அடுக்கு எவ்வளவு இறங்கியது என்பதற்குச் சுவரிலேயே அடையாளங்கள் இருந்தன. அடுக்கும்போது கட்டைகள் ஜன்னல் விளிம்பைத் தொடும். தீபாவளிக்குக் குழாய் மட்டத்துக்கு வரும். கிறிஸ்மஸுக்கு முழங்கால் மட்டம். இந்த வருடம் கார்த்திகை பாதிகூட ஆகவில்லை. நேற்று டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்பு அணைந்திருந்த நேரத்தில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். அடுக்கு முழங்காலுக்குக் கீழே கிடந்தது.

"பச்ச," என்று குரல் கொடுத்தாள்.

பச்சையம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "இன்னாக்கா?"

"சின்ன தேக்சாவுக்கு எம்மாங்கட்ட வெப்ப?"

"இன்னா பண்றது. ஈரமா கீதுக்கா. பத்தவே மாட்டேங்குது. ஊதி ஊதி எனக்கு மூச்சே நின்னுபோச்சி."

"ஆவணில வாங்கனது எப்டி ஈரமா இருக்கும்?"

"அத வெறக தான் கேக்கணும். நீ உள்ள வராத, பொகையாகீது." அவள் திரும்பிப் போனாள்.

ஈரம். ஜஹானாரா அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். விறகு அதிகம் போகிறது என்றால் எந்தச் சமையல்காரியும் முதலில் சொல்வது அதுதான். அவளே எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள். தவ்ஃபீக் பாயின் தொட்டியில் நின்று தன் கையால் தேர்ந்தெடுத்த விறகு அது. அவள் கட்டை பார்க்கும் விதம் வட சென்னைத் தொட்டிகளில் பிரசித்தம். முனையைத் திருப்பிக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, சத்தம் கணீரென்று வருகிறதா, மொத்தென்று விழுகிறதா என்று கேட்பாள்.

அன்றைக்கும் தட்டினாள்தான். ஆனால் தொட்டிக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. முனையைக் கண்ணருகே கொண்டுபோனாள். பாலாடை போர்த்தியதுபோல் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பார்வை அந்த அளவுக்குப் போய்விட்டது என்று யாரிடமும் சொல்ல அவளுக்கு மனமில்லை. "நல்லாதான் கீது, போடு" என்றாள். இதை அவள் இப்போது நினைத்துப் பார்க்கவில்லை. நினைவு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேறு பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பச்சையம்மா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள். புதுக் கண்ணில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. சேலையில் கரிக்கறை, கழுத்தில் வியர்வைக் கோடு, சாக்கின் வாயில் போட்டிருந்த முடிச்சு. முன்பெல்லாம் சாக்கு வாய் திறந்தே கிடக்கும். இப்போது ஏன் முடிச்சு?

"இன்னா கட்டி எடுத்துனு போற?"

"மழ தூறுதுக்கா. கரி நனஞ்சா அவுரு வையுவாரு." பச்சையம்மா சிரித்தபடி படியிறங்கினாள். "மருந்து ராத்திரிக்கு மறந்துராத. ஃபவாஸு வந்தா உடச் சொல்லு."

சொட்டு மருந்தும் பச்சையம்மாதான் விடுவாள். வேளாவேளைக்கு வந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடியைக் கழற்றி, தாடையைப் பிடித்துத் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு. அந்த நேரத்தில் அவள் முகம் மிக அருகில் இருக்கும். அவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டே அவள் கையில் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருப்பது ஜஹானாராவுக்கு என்னவோ போலிருந்தது.

மகன் ஃபவாஸ் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடையில் வேலை பார்க்கிறான். உள்ளே போகிற லாரியின் எடை, வெளியே வருகிற லாரியின் எடை. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் வந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதே அவன் தொழிலின் பாடம். விறகு வாங்கிய அன்று அம்மாவோடு போனவனும் அவன்தான். எடை சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே நின்றதில் அவனுக்கு அப்போது பெருமை.

"நான்தான் எடைய பாத்தேனேம்மா. நூல் கொறையல," என்றான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "உள்ள வந்தது கரெக்டு. அப்ப வெளிய எங்கியோ போவுது."

"ஈரம்னு சொல்றா."

"ஈரம் சாக்குல ஏறி எம்.கே.பி. நகர் போவுமா?"

"வாய மூடு. அவ அப்டி இல்ல."

"நான் அவங்கள சொல்லல. கரி ஜாஸ்தி வேணும்னா இன்னா பண்ணணும்? கட்டைய ஜாஸ்தி எரிக்கணும். அவ்ளோதான். திருட்டு கூட கெடையாது அது. ரெண்டு கட்ட சேத்துத் தள்னா போதும், சாயங்காலம் சாக்கு ரொம்பிடும்." அவன் தண்ணீர் குடித்தான். "கேமரா வெச்சிரலாமா? தோஸ்து ஒருத்தன் கீறான், சல்லிசா போட்டுக் குடுப்பான்."

"அடுப்புக்குக் கேமராவா? ஊரு சிரிக்கும்."

ஆனால் அவன் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் பல நாளாகச் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அவன் ஒரே வாக்கியத்தில் தொட்டுவிட்டான். கரிக்காக எரிக்கிறாள். அல்லது கரிக்குக் கீழே கட்டையையே வைத்துக் கட்டுகிறாள். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை பச்சையம்மா ரேஷன் கடைக்குப் போகவேண்டும் என்று மதியமே கிளம்பிவிட்டாள். மறுநாள் பெரிய ஆர்டர். காசிமேட்டு ஜானட்டின் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம். ஜானட்டின் வீட்டுக்காரருக்குச் சொந்தப் படகு உண்டு. மாப்பிள்ளை வீடு எண்ணூர்க் குப்பம். பெரிய தேக்சா இரண்டு. அதோடு, கிறிஸ்மஸ் ஆர்டர்களை அந்தத் தெருவில் சேர்த்துக் கொடுப்பவளும் ஜானட்தான்.

வீட்டில் யாரும் இல்லை. பரண்மேல் படகுப் பெயிண்ட் டப்பா ஒன்று கிடந்தது. பின்கதவுக்கு அடிக்கவென்று எப்போதோ ஜானட் கொடுத்தனுப்பிய மிச்சம். கெட்டியான நீலம். ஜஹானாரா ஒரு குச்சியில் துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். டாக்டர் குனியாதே என்றிருந்ததால் மணையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக இழுத்து, சுவர்ப்பக்கம் இருந்த முனையில் நீலத்தைத் தடவி, மறுபடி உள்ளே தள்ளினாள். இனி எந்தக் கட்டை எங்கே போனாலும் தெரிந்துவிடும். அடுப்புச் சாம்பலிலும் தெரியும், சாக்கின் அடியிலும் தெரியும்.

பெயிண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. தடவ வழுக்கிக்கொண்டு போனது. டப்பா பழசாகிவிட்டது என்று நினைத்தாள். இருட்டிக்கொண்டு வந்தது, மழை தகரத்தில் தட்ட ஆரம்பித்தது. கண்ணாடி மூக்கில் இறங்கியதைக் காதோரம் காம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மீதிக் கட்டைகளையும் முடித்துவிட்டு எழுந்தாள். கையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே வீடு அமளிதுமளிப்பட்டது. கறி வந்தது, வெங்காயம் உரிக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். அந்தப் பரபரப்பில் சொட்டு மருந்தை ஃபவாஸ்தான் விட்டான். பாதி கன்னத்தில் வழிந்தது. ஜஹானாரா முன்னறையில் உட்கார்ந்தபடியே உப்பும் காரமும் சொல்லி அனுப்பினாள். உள்ளேயிருந்து பச்சையம்மாவின் இருமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. மழை விடவில்லை. கொட்டகையைத் தாண்டி நடைவரை புகை வந்து நின்றது.

"அக்கா, கதவ சாத்திக்கோ. கண்ணுக்கு ஆவாது," என்று பச்சையம்மா புகைக்குள்ளிருந்து சொன்னாள்.

"தம்முக்கு நெருப்பு இருக்கா?"

"கங்கு பத்தல. கட்ட முனையவே மேல தூக்கி வெச்சிகினேன். சமாளிச்சிடலாம்."

தம் போடும்போது மூடியின் மேல் கங்கு பரப்பவேண்டும். நல்ல விறகென்றால் அதற்குள் அடுப்பில் கங்கு நிறைந்திருக்கும். இன்றைக்குக் கங்கு இல்லாததால், எரிந்து முடியாத கட்டை முனைகளையே மூடிமேல் அடுக்கியிருந்தாள். ஜஹானாரா கேட்டாள். ஆனால் அவள் மனம் வேறொன்றில் இருந்தது. இன்றைக்குச் சாக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்று பார்க்கவேண்டும்.

ஃபவாஸ் தேக்சாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்தான். மூன்று மணி வாக்கில் ஜானட் போன் செய்தாள்.

"ஜானாக்கா, சாப்ட்டியா?"

"இனிமேதாம்மா. நிச்சயம் நல்லா முடிஞ்சிதா?"

"அதெல்லாம் ஷோக்கா முடிஞ்சிது. ஒண்ணு கேக்கணும். பிரியாணி எங்க வெச்சி செஞ்ச, ஹார்பர்லயா?"

"ஏன், இன்னா ஆச்சி?"

"மூடிய தொறந்தா போட்டுக்குப் பெயிண்ட் அட்ச்ச நாத்தம். மெய்யாலுமே சொல்றேன். எங்க வூட்டுக்காரரு மோந்து பாத்துட்டு, இது நம்ம போட்டு நீலமாச்சேன்றாரு. சம்பந்தி வூட்ல வாய்ல வெச்சிட்டு கம்முனு எல மடிச்சிட்டாங்க. அப்பால அவசரத்துக்கு ஓட்டல்ல வாங்கிப் போட்டோம்." ஜானட்டின் குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகம் இருந்தது. "இத்தினி வருசத்துல உங்கையில இப்டி நடந்ததில்ல. கிறிஸ்மஸுக்கு ஜனங்க கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது? யோசிச்சி சொல்லு."

ஜஹானாரா போனை வைத்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மூடிமேல் வைத்த கட்டை முனைகள். அதில் காயாத நீலம்.

ஃபவாஸ் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பெயிண்ட் விஷயம் அவனுக்குத் தெரியாது. "கட்ட பத்தலன்னு மண்ணெண்ண ஊத்தியிருப்பாங்க," என்றான் பின்பக்கம் கேட்கும்படி.

பச்சையம்மா நடைக்கு வந்தாள். கையில் பாதி எரிந்த கட்டை ஒன்று. "நைனா, நான் இந்த அடுப்புல என்னிக்குமே மண்ணெண்ண ஊத்தனதில்ல. இத பாரு." கட்டையின் முனையை நீட்டினாள். கருகிய மரத்தில் நீலம் கொப்புளித்து நின்றது. "காலைலயே கையில பிசுபிசுன்னு ஒட்டிச்சி. நான்தான் கண்டுக்கல. தொட்டில கணக்குக்கு அட்ச்ச குறின்னு நெனச்சேன், மழ ஈரத்துல எளகிகீதுன்னு உட்டுட்டேன். இதான் நாத்தம். தவ்ஃபீக் பாய்க்குப் போன் போடு. நம்ம பேரு கெட்டுப் போச்சின்னு கேளு. சும்மா உடாத."

நம்ம பேரு என்றாள். ஃபவாஸ் போனை எடுத்தான்.

"வேணா," என்றாள் ஜஹானாரா. "நான் அப்புறமா பேசிக்கிறேன்."

"ஏன்க்கா? ஈரக் கட்டையும் குடுத்து, பெயிண்டும் அட்ச்சி..."

"தொட்டிக்காரன் வேலதான். நாளைக்குக் கேக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். தவ்ஃபீக் பாய் நல்ல மனிதர். கேட்டால் அவர் இல்லை என்பார். இல்லை என்பவரை யார் நம்பப் போகிறார்கள்? இப்படியே விட்டுவிடலாம். பச்சையம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். ஃபவாஸ் பாத்திரத்தை எடுத்துவரக் காசிமேட்டுக்குக் கிளம்பினான்.

பச்சையம்மா அடுப்பை அணைத்து, கரியைச் சாக்கில் வாரி, முடிச்சுப் போட்டு வாசலருகே கொண்டுவந்து வைத்தாள். பிறகு எப்போதும்போல் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தலைய சாயி. காலைல இந்தப் புள்ள பாதிய கன்னத்துக்கு உட்டுச்சாமே."

கண்ணாடியைக் கழற்றினாள். காம்பை மடிக்கப் போனவள் ஒரு கணம் நின்றாள். ஜஹானாராவுக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தாடையில் விரல் பட்டது. சொட்டு விழுந்தது, சில்லென்று.

"மூடிக்கோ. அஞ்சு நிமிசம் தொறக்காத."

ஜஹானாரா மூடிக்கொண்டாள்.

"காம்புல நீலம் ஒட்டிகீதுக்கா," என்றாள் பச்சையம்மா. "காதாண்ட."

மழைச் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ தண்ணீரை மிதித்துக்கொண்டு போனார்கள்.

"தொட்டிக்காரன் உங்கண்ணாடிக்கும் அட்ச்சானா?"

"பச்ச..."

"கண்ண தொறக்காத. மருந்து வெளிய வந்துரும்." குரல் உயரவேயில்லை. "நான் எடுத்துகினு போறேனான்னு பாக்கவா?"

ஜஹானாரா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள் சிவப்பு மட்டும்தான் இருந்தது.

"கேட்டிருந்தா சாக்க அவுத்துக் கொட்டியிருப்பேன். தெனமும் இந்த வாசல் வழியாத்தான போறேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டு, "ராத்திரி மருந்துக்கு ஃபவாஸ கைய கழுவிகினு உடச் சொல்லு," என்றாள். செருப்புச் சத்தம் படியிறங்கியது.

ஐந்து நிமிடம் ஆனபிறகுதான் ஜஹானாரா கண்ணைத் திறந்தாள். அதற்கு முன்னால் திறந்திருக்கலாம். தைரியம் வரவில்லை. கண்ணாடி மேசைமேல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நீலம் போகவில்லை, மங்கியிருந்தது. சாக்கு வாசலருகேயே இருந்தது.

அவள் அருகே போய், தூக்கக்கூடாது என்பதை மறந்து, சாக்கைப் பிடித்துத் தூக்கினாள். கை சட்டென்று மேலே போனது. அத்தனை லேசாக இருந்தது. பெரிய தேக்சா இரண்டு இறங்கிய நாளில் இந்தச் சாக்கை அவளே எத்தனையோ முறை பச்சையம்மாவின் தோளுக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள். மூச்சு வாங்கும். முடிச்சை அவிழ்த்தாள். அடியில் கட்டை எதுவும் இல்லை. நொறுங்கிய கரி, நிறையச் சாம்பல். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பச்சையம்மா வரவில்லை. ஆர்டரும் இல்லை. ஃபவாஸ் வேலைக்குப் போனபின் ஜஹானாரா கொட்டகைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பத்து குச்சி போனது. தென்னை ஓலையை மடித்து வைத்து ஊதினாள். கட்டை சீறியது. கொஞ்சம் சூடேறியதும், அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் நுரை பொங்கி, நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவள் நடுவில் இருந்த ஒரு கட்டையை உருவி, முனையைத் திருப்பிப் பார்த்தாள். புதுக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கிய அன்று அறுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காத சவுக்கு. காற்றுப் புகாத கொட்டகையில் நெருக்கி அடுக்கியதால் காயவும் இல்லை. ஃபவாஸ் நூல் குறையாமல் எடை பார்த்து வாங்கியதில் பாதி தண்ணீர். ஈரப்பலகையில் பெயிண்ட் நிற்காது என்பது காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

புகை கண்ணில் பட்டு எரிந்தது. எழுந்து வந்து ஜானட்டுக்குப் போன் செய்தாள்.

"பெயிண்ட் நான் அட்ச்சதுதாம்மா. வெறகுல. வேற யார் மேலயும் தப்பில்ல."

"வெறகுக்கு யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களாக்கா?"

"புத்தி கெட்டா அடிப்பாங்க. குடுத்த துட்ட ஃபவாஸு கொண்டாந்து குடுப்பான்."

ஜானட் கொஞ்சம் யோசித்தாள். "கிறிஸ்மஸுக்கு வூட்டாண்ட வந்து நானே அடுப்ப பாப்பேன். சரின்னா சொல்லு."

"வந்து பாரு."

எம்.கே.பி. நகரில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜஹானாரா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கரிச்சாக்குடன் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாடிப்படிக்குக் கீழே, நாலு செங்கல்மேல் ஏற்றி வைத்த வண்டியில் குணசேகரன் பள்ளிச் சீருடை தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாவின் கணவர். அவளைப் பார்த்ததும் பெட்டியை நிறுத்திவைத்தார்.

"வாங்கக்கா. கண்ணு எப்டி கீது? நானே வந்து பாக்கணும்னு இருந்தேன், மழ பேஜாரு பண்ணுது. பச்ச ஒடம்பு வலின்னு படுத்திருக்கா. கரிய நீங்களே தூக்கினு வரணுமா?" சாக்கை வாங்கினார். அவருக்கு எதுவும் தெரியாது என்று புரிந்தது. "இந்த வருசம் கரி சுமார்தான்க்கா. கொற சொல்லல. பொட்டில போட்டா பொசுக்குனு சாம்பலாயிடுது. மாசத்துக்கு ரெண்டு தபா வெளிய வாங்கினேன். ஈரக் கட்டயா?"

"ஆமா," என்றாள் ஜஹானாரா. "ஈரக் கட்டதான். நான் பாக்காம வாங்கிட்டேன்."

பச்சையம்மா கதவருகே வந்து நின்றிருந்தாள். தலை முடியாமல் இருந்தது. கணவர் சீருடைகளைக் கொடுக்க எதிர் பிளாக்குக்குப் போகும்வரை அவள் பேசவில்லை.

"தண்ணீல நடந்து வந்தியா? கண்ணுல தெறிச்சா இன்னா ஆவறது?"

"தெறிக்கல."

"கண்ணு செவந்துகீது. அடுப்பாண்ட போனியா?"

"போனேன். முனையில தண்ணி சொட்டுச்சி." ஜஹானாரா அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்ன. நான் கேக்கல."

"ரெண்டு மாசமா சொல்லிகினு கீறேன்."

"ஆமா."

"வாங்கும்போது கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து பாத்திருப்பேன்."

"ஆமா," என்றாள் ஜஹானாரா மறுபடியும். "வூட்டுக்காரருகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன பத்தி இன்னா நெனப்பாரு?"

தண்ணீரில் ஒரு வாளி மிதந்து கடந்து போனது. பச்சையம்மா அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டீ போட்டாள். இருவரும் குடித்தார்கள்.

"நாளைக்கு வர்றேன்," என்றாள் பச்சையம்மா. "கட்டைய வெளிய எட்த்து அடுப்பாண்ட குறுக்கு மறுக்கா அடுக்கணும். அடுப்பு சூட்டுல கொஞ்சம் காயும். முனைய அறுத்து எறிஞ்சிடலாம். கிறிஸ்மஸுக்கு மட்டும் காஞ்சது கொஞ்சம் வாங்கு, இந்த தபா நான் பாத்து வாங்கறேன்."

"சரி."

"ஆனா கரி எனக்கு வேணாக்கா."

"பச்ச, அது உன்னுது."

"வேணா. அவரு கேஸ் பொட்டி வாங்கறேன்னு ரொம்ப நாளா கேக்கறாரு. நான்தான் கரி சும்மா வருதேன்னு தடுத்துகினு இருந்தேன். வாங்கிக்கட்டும்." கிளாஸை வாங்கிக்கொண்டாள். "கூலி போதும்."

மறுநாள் அவள் வந்தாள். சொன்னபடியே கட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கினாள், நீல முனைகளை அறுத்தெறிந்தாள், வேளாவேளைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மருந்து விட்டாள். கிறிஸ்மஸுக்கு ஜானட் வந்து அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "பெயிண்ட் காலியா?" என்று கேட்டுச் சிரித்தாள். பச்சையம்மாவும் சிரித்தாள். தினமும் வேலை முடிந்ததும் அவள் நெருப்பை அணைப்பாள். கரியை வாரிக் கொட்டகை மூலையில் கொட்டுவாள். வெறுங்கையோடு முன்வாசல் வழியாகப் போவாள். போகும்போது சேலையை ஒருமுறை உதறிக்கொள்வாள்.

பொங்கலுக்கு முன் டாக்டர் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னார். அன்று ஜஹானாரா கொட்டகையைக் கூட்டும்போது மூலையில் சேர்ந்திருந்த கரியைச் சாக்கில் அள்ளினாள். கார்த்திகை, மார்கழி, கிறிஸ்மஸ் எல்லாம் சேர்ந்த கரி. நல்ல விறகென்றால் ஒரே பெரிய ஆர்டருக்கு இந்தச் சாக்கு நிறைந்துவிடும். முறத்தால் தரையை வழித்து, பொடியையும் விடாமல் போட்டாள்.

சாக்கு பாதிகூட நிறையவில்லை.